30 டாலரோடு பில் முடியாது
"நியூயார்க் ரெஸ்டாரன்ட் வீக்கில் 30 டாலர் இருந்தால் போதும், வரி, டிப்ஸ் எல்லாம் அதிலேயே அடக்கம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. ரெஸ்டாரன்ட் வீக் என்பது உணவகங்கள் குறிப்பிட்ட ஐட்டங்கள் சேர்ந்த மெனுவை ஒரே நிலையான விலைக்குத் தரும் சலுகைக் காலம்; அந்த விலை சாப்பாட்டுக்கு மட்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 டாலருக்கு 8.875% விற்பனை வரி 2.66, 20% டிப்ஸ் 6. ஆக 38.66, அதுவும் வெறும் தண்ணீர் குடித்தால். முப்பதை மட்டும் எண்ணிப் போகிறவர் பில் வரும்போது கையைப் பிசைய வேண்டியிருக்கும், அதனால்தான் சொல்கிறேன். அப்புறம், 45, 60 டாலர் மெனுக்களும் உண்டு. சனிக்கிழமை இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. போகும் முன் அந்த உணவகத்தின் வழக்கமான மெனுவில் அதே ஐட்டங்களின் விலையைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் நல்ல மிச்சம், சில இடங்களில் ஒன்றுமே மிஞ்சாது.