நல்லா ஓடுற சிஸ்டத்துக்கு நாள் குறிக்க இவங்க யாரு?

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும். ஸ்விட்ச போட்டா டீ ஆத்துறதுக்குள்ள எந்திரிச்சிடுது, கணக்கு எழுதற டேலி ஓடுது, குரோம்ல இருபது டேப் தொறந்து வச்சாலும் மூச்சு விடாம ஓடுது, பையன் ப்ராஜெக்டுக்கு பிரிண்ட் குடுத்தா பிரிண்ட் வருது, அப்படி இருக்கற ஒரு கம்ப்யூட்டர "இது இனிமே ஆவாது, புதுசு வாங்கு"ன்னு சொல்ற அதிகாரம் யாருக்கு யாருய்யா குடுத்தது? ரிப்பேர் ஆச்சுன்னா சரி, புகை வந்துச்சுன்னா சரி, ஒரு எழவும் இல்ல. நம்ம காசு போட்டு வாங்கி நம்ம வீட்டு மேஜைல வச்சிருக்கற பொருளுக்கு மைக்ரோசாஃப்ட்காரங்க எங்கயோ உக்காந்துகிட்டு நாள் குறிக்கிறாங்க.

விஷயம் தெரிஞ்சதுதான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட், அதாவது பாதுகாப்பு ஓட்டைய அடைக்கிற பேட்ச் வர்றது, முடிஞ்சுது. 2015ல இது வந்தப்போ அந்த கம்பெனி ஆளே மேடை ஏறி இதுதான் கடைசி விண்டோஸ், இனிமே இதுக்கே அப்டேட் வந்துகிட்டு இருக்கும்னு பேசினாரு, நாமளும் சரி இனிமே இந்த மாத்துற தொல்லை இல்லன்னு நம்பி உக்காந்தோம். ஆறே வருஷத்துல 11 வந்துச்சு. சரிப்பா, வந்துட்டு போவட்டும், மாத்திக்கறோம், யாரு வேணாம்னா? மாத்த விட்டாதானே!

நம்ம வீட்டு சிஸ்டம் இன்டெல் ஐ5 7400, அதாவது ஏழாவது ஜெனரேஷன் பிராசஸர், 8 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டாச்சு. பிசி ஹெல்த் செக்னு ஒரு டூல் இருக்கு, 11 ஏறுமா ஏறாதான்னு அதுதான் ஜாதகம் பாக்கும். ஓட்டுனேன். ராம் பச்சை டிக், ஸ்டோரேஜ் பச்சை டிக், டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப் கேக்குது, அது சிவப்பு. சரின்னு பயாஸுக்குள்ள போனா இன்டெல் பிடிடின்னு ஒரு ஆப்ஷன் ஆஃப்ல கெடக்கு, அத ஆன் பண்ணதும் டிபிஎம்மும் பச்சை. அடுத்தது செக்யூர் பூட், ஆன் பண்றப்போ கள்ள சாஃப்ட்வேர் நுழையாம பாக்கற காவல், அதுக்கு டிஸ்க எம்பிஆர்ங்கற பழைய முறைல இருந்து ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தணும், மொத்தத்தையும் பேக்கப் எடுத்துட்டு, கருப்பு விண்டோவுல கமாண்ட அடிச்சிட்டு, உள்ள இருக்கற பத்து வருஷ ஃபோட்டோவ நெனச்சுகிட்டு நகத்த கடிச்சுகிட்டே உக்காந்து அதையும் மாத்தியாச்சு. எல்லாம் பச்சை. கடைசியா ஒரே ஒரு சிவப்பு வரி மட்டும் நிக்குது, பிராசஸர் லிஸ்ட்ல இல்லையாம். லிஸ்ட்ல இல்ல, அவ்வளவுதான். ஸ்பீடு பத்தலன்னு சொல்லல, பாதுகாப்பு சிப் இல்லன்னும் சொல்ல முடியாது, அதான் டிபிஎம் பச்சையா நிக்குதே. பேரு இல்ல, போ.

அந்த லிஸ்ட எடுத்துப் பாருங்க, வயிறு எரியும். இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருந்தாதான் உள்ள விடுவாங்க. 2017 ஜனவரில வந்தது ஏழாவது, அதே 2017 அக்டோபர்ல டெஸ்க்டாப்புக்கு எட்டாவது வந்துடுச்சு, ஒரே வருஷத்துல வாங்குன ரெண்டு பேருல ஒருத்தன் வீட்டுக்காரன், இன்னொருத்தன் தெருவுல. இதுல கொடுமை என்னன்னா ஐ7 7700கே, நாலு கோர், எட்டு த்ரெட், 4.2 கிகாஹெர்ட்ஸ், அந்தக் காலத்துல கேம் ஆடுற பசங்க கடன வாங்கி வாங்குன பிராசஸர், அது லாயக்கில்ல. ஆனா செலரான் என்4020, ரெண்டே ரெண்டு கோர், சின்ன லேப்டாப்ல 4 ஜிபி ராமோட போட்டு விப்பாங்களே, ஒரு எக்ஸெல் ஃபைல தொறந்தா சாப்டுட்டு வந்து பாத்துக்கலாம், அது லிஸ்ட்ல இருக்கு, அதுக்கு 11 தாராளமா ஏறுமாம். இத எவன்கிட்ட போயி சொல்லி அழுவறது.

இதவிட ஒண்ணு இருக்கு. ஏழாவது ஜெனரேஷனே கூடாதுன்னு அவ்வளவு கறாரா பேசினவங்க ஐ7 7820எச்க்யூன்னு ஒரே ஒரு ஏழாவது ஜெனரேஷன் லேப்டாப் பிராசஸர மட்டும் அப்புறமா உள்ள சேத்தாங்க. அது எதுல இருக்குன்னு பாத்தா அவங்களே லட்சக்கணக்குல விலை போட்டு வித்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2ல இருக்கு! கேட்டா ஹார்டுவேர ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் புதுமாதிரி இருக்கற மிஷினுக்கு மட்டும்தான்னு ஒரு விளக்கம். மாமியா உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

சரி பழைய சாஃப்ட்வேருக்கு எத்தனை நாள்தான் அவங்களும் பேட்ச் எழுதிகிட்டு இருப்பாங்கன்னு நியாயம் பேசற ஆளுங்க வருவீங்க, தெரியும். ஆனா எழுதிகிட்டுதான்யா இருக்காங்க! காசு கட்டுற கம்பெனிகளுக்கு விண்டோஸ் 10 பேட்ச் 2028 வரைக்கும் உண்டு, முதல் வருஷம் ஒரு மிஷினுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் டபுள் டபுளா ஏறும். ஏடிஎம், ஆஸ்பத்திரி மிஷின் மாதிரி ஐட்டங்களுக்குன்னு ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சின்னு ஒரு விண்டோஸ் 10 இருக்கு, அதுக்கு 2032 ஜனவரி வரைக்கும் சப்போர்ட். ஆக ஓட்டைய அடைக்கிற ஆளும் இருக்கான், அடைக்கிற வேலையும் நடக்குது, நம்ம வீட்டுக்கு மட்டும் அனுப்ப மாட்டாங்க. எனக்கு கோவமே இந்த ஒரு எடத்துலதான். முடியலன்னா முடியலன்னு சொல்லு, கையில வச்சுகிட்டு இல்லங்காத.

வீட்டு யூசருக்கும்தான் ஒரு வருஷம் குடுத்திருக்காங்களேன்னு ஒரு குரல் வரும். குடுத்தாங்க, 2026 அக்டோபர் 13 வரைக்கும். எப்படி குடுத்தாங்க? 30 டாலர் கட்டு, இல்லாட்டி அவங்க ரிவார்ட்ஸ் பாயிண்ட் 1000 சேத்து குடு, அதுவும் இல்லாட்டி உன் செட்டிங்ஸ எங்க கிளவுடுல ஏத்து. எதுவா இருந்தாலும் அவங்க அக்கவுண்ட்ல லாகின் பண்ணியே ஆவணும். இத்தனை வருஷமா வீட்டு கம்ப்யூட்டர்ல யூசர் பேரு "அப்பா", பாஸ்வேர்டு பொண்ணு பேருன்னு வாழ்ந்துகிட்டு இருந்த மனுஷன் இப்போ மெயில் ஐடி, ஓடிபின்னு நிக்கணும். செட்டிங்ஸ மட்டும் ஏத்துனா பரவால்ல, கூடவே டாகுமெண்ட்ஸ் ஃபோல்டர், பிக்சர்ஸ் ஃபோல்டர்னு டிக் போட்டுட்டோம்னா இலவசமா குடுக்கற 5 ஜிபி ஒரு கல்யாண ஃபோட்டோவுக்கே காணாது, அப்புறம் ஸ்டோரேஜ் ஃபுல்லு, வாங்கு வாங்குன்னு நச்சரிப்பு ஆரம்பிக்கும். ஐரோப்பாவுல யூரோகன்சூமர்ஸ்னு நுகர்வோர் அமைப்பு சண்டைக்கு நின்னதுல அந்த ஊர்க்காரங்களுக்கு காசும் வேணாம், கிளவுடுல ஏத்தவும் வேணாம், சும்மா லாகின் பண்ணா போதும்னு எறங்கி வந்தாங்க. நாம கேக்கல, நமக்கு இல்ல.

இது ஒரு பக்கம்னா ஆளாளுக்கு குடுக்கற அட்வைஸ் இன்னொரு பக்கம். கடைக்காரர்கிட்ட கேட்டேன், "பிராசஸர் மட்டும் எட்டாவது ஜென் மாத்திக்கலாமா?" நியாயமான கேள்விதானே, பிராசஸர் உக்கார்ற சாக்கெட் ரெண்டுக்கும் அதே 1151. அவரு சிரிச்சுகிட்டே, "உக்காரும் சார், ஆனா ஓடாது சார்." 200 சீரிஸ் மதர்போர்டுல எட்டாவது ஜென் எடுக்காது, 300 சீரிஸ் போர்டு வேணுமாம். இது அவரு கதை இல்ல, இன்டெல்லே அப்படித்தான் வச்சிருக்கு. ஆக போர்டு மாத்தணும். அவ்வளவு பழைய போர்டு புதுசு கிடைக்காது, லேட்டஸ்ட் போர்டு போட்டா டிடிஆர்5 ராம்தான் போடணும், இருக்கற டிடிஆர்4 வேஸ்ட். ராம் விலை விசாரிச்சீங்களா இப்போ? ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி எல்லாத்தையும் அள்ளிகிட்டு போறாங்கன்னு 2025 கடைசில இருந்து விலை எங்கயோ நிக்குது. ஊருக்கே புதுசு வாங்குன்னு சொல்றதுக்கு நல்லா பாத்து வச்சாங்கய்யா நேரம்.

ஃப்ரெண்டு ஒருத்தன், "டேய் ரூஃபஸ்னு ஒரு டூல் இருக்கு, அதுல பென்டிரைவ் போட்டு செக்கிங்க பைபாஸ் பண்ணி 11 ஏத்துடா, நான் ஏத்தலயா." ஏத்தலாம், ஏறும், எனக்கும் தெரியும். ஆனா அப்படி ஏத்துன மிஷினுக்கு அப்டேட் வரும்னு கேரண்டி கிடையாதுன்னு அவங்க சைட்லயே எழுதி வச்சிருக்காங்க, வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட்டு தானா வராது, நாமளே திரும்ப பென்டிரைவோட மல்லுக்கட்டணும். கோர் 2 டுவோ காலத்து மிஷின்ல இப்படி ஏத்துனவங்கள 11ஓட 24எச்2 வெர்ஷன் வந்தப்போ பிராசஸர்ல பாப்கவுண்ட்னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இல்லன்னு பூட்டே ஆவாம நிறுத்திட்டாங்க. நாளைக்கு அதே கதவ எனக்கும் சாத்தமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?

அக்கா பையன் இருக்கான், காலேஜ். "மாமா, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மிண்ட் போடுங்க மாமா, ஃப்ரீ மாமா, வைரஸே வராது மாமா." கண்ணு, லினக்ஸ் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, படம் பாக்கறதுக்கும் பிரவுசிங்குக்கும் அது ராஜா. ஆனா இந்த சிஸ்டத்துல உங்க அத்தை நாலு கடைக்கு கணக்கு எழுதறா. டேலிக்கு லினக்ஸ் வெர்ஷன் கிடையாது. ஒரு பார்ட்டி பிரைவேட் லிமிடெட், அவங்களுக்கு ரிட்டர்ன் போட டிஎஸ்சி டோக்கன், அதான் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், சொருகணும். பிரிண்டர் எல்பிபி 2900, தமிழ்நாட்டுல ஜெராக்ஸ் கடை தவறாம இருக்குமே அதேதான், விண்டோஸ்ல பேசாம வேலை செய்யும், லினக்ஸ்ல அதுக்கு டிரைவர் போட்டு ஓட்டுறதுக்குள்ள ஒரு லீவு நாள் போயிடும். எங்கப்பா குலதெய்வம் கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்ட்லதான் அடிச்சு வச்சிருக்காரு, யூனிகோடுன்னா என்னன்னு அவருக்கு தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டாரு, கீ மாறிப்போச்சுன்னா எனக்குத்தான் ஃபோன் வரும். விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட்டுறதுக்கு வைன்னு ஒரு டூல் இருக்கு, அதுல டேலி ஓடும்னு சொல்றான் பையன். 20-ந் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட முடியாம நின்னா அப்போ நீ வந்து வைன் ஓட்டுவியாடா?

இன்னொரு கோஷ்டி இருக்கு, அப்டேட் வரலன்னா என்ன ஆயிடப் போவுது, நான் விண்டோஸ் செவனே இன்னும் வச்சிருக்கேன்னு. வச்சுக்கோங்க சாமி. 2017 மே மாசம் வான்னாகிரைன்னு ஃபைல பூட்டி வச்சு காசு கேக்கற வைரஸ் வந்தப்போ அந்த ஓட்டைக்கு பேட்ச் மார்ச்லயே வந்துடுச்சு, போடாம இருந்தவன்தான் அடிவாங்குனான். இங்கிலாந்துல ஆஸ்பத்திரில ஆபரேஷன் எல்லாம் தள்ளிப் போச்சு. நம்ம வீட்டுல நாலு கடைக்காரங்க ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் பேங்க் ஸ்டேட்மெண்டும் கெடக்கு, அது என் பொருளு இல்ல, ஊரான் பொருளு. அதனாலதான் இத்தனை புலம்பலும். தனி ஆளா யூடியூப் மட்டும் பாக்கறவனா இருந்தா மயிரே போச்சுன்னு விட்டுருப்பேன்.

அப்படி அடிச்சு புடிச்சு 11க்கு போனவங்களுக்காவது நிம்மதி இருக்கான்னு பாத்தா, ரைட் கிளிக் பண்ணா பாதி மெனுதான் வருது, மீதிக்கு "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்"னு இன்னொரு கிளிக். ஸ்டார்ட் மெனுவுல ரெகமெண்டட்னு விளம்பரம். புதுசா 24எச்2 போட்டு அவங்க அக்கவுண்ட்ல லாகின் பண்ணா டிஸ்க்க அதுவே என்கிரிப்ட் பண்ணி வச்சுக்குது, ரெக்கவரி கீ அந்த அக்கவுண்ட்லதான் இருக்கும், அக்கவுண்ட் பாஸ்வேர்ட மறந்த பெருசுங்க வீட்டுல என்னைக்காவது நீல ஸ்க்ரீன்ல கீ கேட்டு நிக்கும், அன்னைக்கு ஃபோட்டோ, கணக்கு எல்லாம் சாமிக்கு. இதுக்கும் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஹோம்ல ரெண்டே வருஷம்தான் சப்போர்ட், ஓடிகிட்டே இருக்கணும்.

இப்போதைக்கு அந்த ஒரு வருஷத்துல சேந்து வச்சிருக்கு, செட்டிங்ஸ மட்டும் கிளவுடுல ஏத்தி, பல்ல கடிச்சுகிட்டு. அது முடியறப்போ செப்டம்பர் ரிட்டர்ன் சீசன்ல நிப்போம், ஆடிட் வேற நடுவுல. அதுக்குள்ள ராம் விலை எறங்குனா பாக்கலாம், எறங்கலன்னா கணக்குக்கு மட்டும் ஒரு பழைய எட்டாவது ஜென் ஆஃபீஸ் டெஸ்க்டாப்ப செகண்ட்ஹாண்ட்ல புடிச்சுட்டு, இத அப்பாவுக்கு நெட்ட புடுங்கிட்டு பாமினிக்கு விட்டுடலாம்னு வீட்டுக்காரி சொல்றா. அது ஒண்ணுதான் இதுவரைக்கும் வந்த அட்வைஸ்ல உருப்படியானது. அதுவரைக்கும் "இன்னுமாடா 10ல இருக்க"ன்னு எவனாவது கேட்டீங்கன்னா, கேக்கறப்போவே கையில ஒரு போர்டும் 16 ஜிபி டிடிஆர்5ம் வாங்கிட்டு வந்து கேளுங்க.