ஃபேமிலி 6 வேற, ஆறாம் ஜென் வேற

அண்ணாச்சி, "ப்ராசஸர் விவரத்துல ஃபேமிலி 6ன்னு காட்டுது, அப்போ ஆறாம் ஜென் (தலைமுறை), விண்டோஸ் 11 ஏறாது, ஜங்ஷன்ல விக்கிற அந்தப் பழைய லேப்டாப்பை வாங்காதீங்க"ன்னு போட்டிருக்கீங்க. தப்பு. 1995ல வந்த பென்டியம் ப்ரோங்கிற இன்டெல் ப்ராசஸரே ஃபேமிலி 6தான்.

ஃபேமிலிக்குப் பக்கத்துல வர்ற மாடல் எண்ணை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துருவீங்க. ஏழாம் ஜென் ஐ5-7200யூ, எட்டாம் ஜென் ஐ5-8250யூ ரெண்டுக்குமே மாடல் 142. ஸ்டெப்பிங்தான் (ஒரே மாடலுக்குள்ள வர்ற திருத்த எண்) வேற: முன்னதுக்கு 9, பின்னதுக்கு 10. கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'செட் ப்ராசஸர்'னு ஆங்கிலத்துல அடிங்க. 8250யூன்னா ரிவிஷன் வரியில '8இ0ஏ'ன்னு (8e0a) வரும். 8இ-ங்கிறது பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணுல 142, 0ஏ-ங்கிறது 10.

இவ்வளவு பாடு எதுக்கு, ப்ராசஸர் பேரையே பாருங்க. 8250ல முதல் 8தான் ஜென், 1035ஜி1ன்னா பத்து. ஐ5-520எம் மாதிரி மூணே இலக்கம்னா முதல் ஜென், அதைத் தொடாதீங்க. கடைக்காரர் ஒட்டுன ஸ்டிக்கரை நம்பாம, மெஷினை ஆன் பண்ணிப் பாருங்க.