முகத்துவாரத்தை மட்டும் தூர்வாரினால் போதாது

நிர்வாகப் பயிற்சிகளில் இப்போது அடிக்கடி கேட்கிற வாசகம், 'இயற்கையிடம் கற்றுக்கொள்ளுங்கள்'. மழைக்காட்டின் படம், எறும்பு வரிசை, தேன்கூடு எல்லாம் காட்டுவார்கள். மறுநாள் அலுவலகம் பழையபடிதான் நடக்கும். ஏனென்றால் காடு எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பாடத்துக்கு அமேசான் தேவையில்லை. எண்ணூர் கழிமுகமே போதும்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் இரண்டு விசைகள் ஓயாமல் மல்லுக்கட்டுகின்றன. அலையும் கரையோர நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கப் பார்க்கும். நாளுக்கு இரண்டு முறை ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி வற்றும்போது, உள்ளே போய்த் திரும்புகிற தண்ணீர் அந்த மணலை அரித்து வெளியே தள்ளும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளமும் கைகொடுக்கும். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்ததிலிருந்து மற்ற மாதங்களில் ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாது. வருடத்தின் பெரும்பகுதி, வாயைத் திறந்து வைத்திருப்பது ஓதம் மட்டும்தான்.

சென்னைக் கடலில் ஓதம் பெரியதும் அல்ல. அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். அரை மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிக்குள் 100 ஹெக்டேரில் தண்ணீர் ஏறினால், ஒரு ஓதத்துக்கு 5 லட்சம் கன மீட்டர் உள்ளே வந்து வெளியே போகும். அதில் 20 ஹெக்டேரை மேடாக்கிவிட்டால் ஒவ்வொரு ஓதத்திலும் ஒரு லட்சம் கன மீட்டர் குறையும். தண்ணீர் குறைந்தால் வாயில் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மணல் ஜெயிக்கும்.

மண் கொட்டியது முகத்துவாரத்தில் அல்ல என்பதைக் கவனியுங்கள். பல கிலோமீட்டர் உள்ளே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது, சேற்றுத் திட்டை மண்போட்டு உயர்த்தினார்கள், அலையாத்தி மரங்கள் நின்ற இடத்தில் சாலை போட்டார்கள். அடைபடுவது வாய். பிறகு இயந்திரத்தைக் கொண்டுவந்து வாயைத் தூர்வாருகிறார்கள், உள்ளே பரப்பை மீட்பதில்லை. மணல் திரும்ப வருகிறது. மீனவர்கள் இதைப் பல வருடமாகச் சொல்கிறார்கள்.

நம் அமைப்புகளில் நடப்பதும் இதுவே. சங்கமோ, கூட்டுறவோ, முப்பது பேர் வேலை செய்கிற பட்டறையோ, கீழிருந்து தகவல் மேலே வரவில்லை என்றால் தலைமை வாயைத்தான் தூர்வாருகிறது. புகார்ப் பெட்டி வைப்பார்கள், வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள், மாதம் ஒரு 'மனம் திறந்து பேசும்' கூட்டம் நடத்துவார்கள். முதல் மாதம் நாலு பேர் பேசுவார்கள், மூன்றாம் மாதம் யாரும் பேசமாட்டார்கள். உள்ளே பரப்பு இல்லை என்பதே காரணம். கீழே இருப்பவருக்குத் தானாக முடிவெடுக்கும் அதிகாரமும், யோசிக்கக் கொஞ்சம் நேரமும் இருந்தால்தான் அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும். இந்த இரண்டையும் 'வீண்' என்று வெட்டிவிட்டு வாயில் மட்டும் மண் அள்ளிப் பயனில்லை. வருவாய்ப் பதிவேட்டில் சேற்றுத் திட்டைத் 'தரிசு' என்று எழுதுகிற அதே மனநிலை இது.

இதை அளக்க முடியும். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: என்ன முடிவு, யார் எடுத்தார், அதற்காக எத்தனை மணி நேரம் வேலை நின்றது. மணலியில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். 1,800 ரூபாய் பேரிங் வாங்க முதலாளி கையெழுத்து வேண்டும். அவர் வெளியூரில் இருக்கிறார், இயந்திரம் ஒன்றரை நாள் சும்மா நிற்கிறது. நோட்டில் இப்படி ஐந்தாறு வரி சேர்ந்தாலே எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது: 3,000 ரூபாய் வரை மேற்பார்வையாளரே வாங்கலாம், பில்லை அன்றே ஒட்டிவிட வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். வாரத்தில் 48 மணி நேர வேலை என்றால், அதில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு எந்த ஆர்டரையும் எழுதாதீர்கள். அந்த நேரத்தில்தான் கருவி சாணை பிடிக்கப்படும், ஒருவர் வேலையை மற்றவர் கற்றுக்கொள்வார். அவசர ஆர்டர் வந்தால் முதலில் பறிபோவதும் இந்த நேரம்தான். தொடர்ந்து மூன்று வாரம் பறிபோனால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இது பெரும்பாலும் எங்கே கெடுகிறது? அதிகாரம் கொடுத்த பிறகு நடக்கிற முதல் தவறில். மேற்பார்வையாளர் தப்பான அளவில் பேரிங் வாங்கிவிட்டார், எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது. அதன்பிறகு அவர் ஐம்பது ரூபாய்க்கும் போன் போட்டுக் கேட்பார். 3,000 ரூபாய் விதி தாளில் இருக்கும், வேலை செய்யாது.

ஒன்று போனால் அந்த இடத்தின் உயிர்ச்சூழலே மாறிவிடும் என்கிற 'ஆதார உயிரினம்' என்ற கருத்தையும் நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 1960களில் ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்க உயிரியலாளர் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறையில் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றிக்கொண்டே வந்தார். பதினைந்து வகை உயிரினங்கள் இருந்த இடத்தில் எட்டு மிஞ்சின. நட்சத்திர மீன் தின்றுகொண்டிருந்த சிப்பி பெருகி, பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டது. மேலாண்மை வகுப்பில் இதை 'அவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்கிற ஆள்' என்று மொழிபெயர்க்கிறார்கள். பெய்ன் காட்டியது அது இல்லை. வலுத்தவர் எல்லா இடத்தையும் பிடித்துவிடாமல் தடுக்கிறவர்தான் அந்த நட்சத்திர மீன். சுய உதவிக் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் 'வங்கிப் பாஸ்புக்கைக் காட்டுங்கள்' என்று கேட்கிற அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தொந்தரவு என்று ஒதுக்கிய குழுவில், ஒரு வருடத்துக்குள் கடன் முழுவதும் இரண்டு மூன்று குடும்பங்களுக்குள்ளேயே சுற்றும். அந்த அக்காவுக்குப் பதவி தர வேண்டியதில்லை. கேள்வி கேட்கிற நேரத்தை நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வைத்துவிட்டால் போதும். கடைசிப் பொருளாக வைத்தால் அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அரிப்பைத் தடுக்கக் கரையில் போட்டிருக்கிற பாறாங்கற்கள் இன்னொரு பாடம். நம் கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே குப்பங்களின் கரை அரிக்கப்பட்டது. ஒரு குப்பத்தைக் காக்கக் கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவைப் போட்டால் அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்தில் அரிப்பு கூடுகிறது. ஒரு துறையின் இலக்கைத் தனியாக அளக்கிற நிறுவனங்களிலும் இப்படித்தான். கொள்முதல் பிரிவு மலிவாக வாங்கிச் சேமித்த பணம், உற்பத்திப் பிரிவில் கழிவாக வெளியே போகும். எந்தப் பிரிவு 'சாதித்தோம்' என்றாலும் அதற்கு அடுத்த பிரிவின் கணக்கை அதே மேசையில் வைத்துப் பாருங்கள்.

ஓய்வைப் பற்றிச் சுருக்கமாக. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. முன்பு இது 45 நாளாக இருந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அந்த நாட்களில்தான் படகு கரையேறும், எஞ்சின் பிரிக்கப்படும், வலை பழுது பார்க்கப்படும். எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்துவதும், குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்பதும் சேர்ந்துதான் இதை நடத்துகின்றன. அந்தத் தொகை போதாது என்ற குரலிலும் நியாயம் இருக்கிறது. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு 'ஓய்வெடுங்கள்' என்று சொல்கிற நிறுவனம் இதிலிருந்து எதையும் கற்கவில்லை.

கடைசியாகப் பழவேற்காட்டின் பாடு முறை. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சிலதான். அவற்றை வலுத்தவர் பிடித்துக்கொள்ளாமல், ஊரின் தலைக்கட்டுகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, முறை வைத்துக் கொடுப்பார்கள். இன்றைக்கு நல்ல பாடு கிடைத்தவருக்கு இன்னொரு நாள் மட்டமான பாடு வரும். இரவு ஷிப்ட், பண்டிகை நாள் பணி, லாபமான வாடிக்கையாளர் என்று எதையும் இப்படிச் சுழற்றலாம். சுழற்சிப் பட்டியலை எல்லோரும் பார்க்கிற சுவரில் ஒட்ட வேண்டும். ஆனால் அந்த முறைக்குள் பெண்களுக்கு இடமில்லை, மீன்பிடிக்கிற மற்ற சமூகத்தாருக்கும் பெரும்பாலும் இல்லை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் பிழைப்பு அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நடக்கிறது. ஆகவே உங்கள் அமைப்பில் சுழற்சி முறை கொண்டுவரும்போது பெயர்ப் பட்டியல் எழுதுவதற்கு முன், ஒப்பந்தத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பகுதி நேரமாக வருகிறவர்கள் என்று இன்னொரு தாளை எடுத்து, விட்டுப்போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். முதல் கூட்டத்தில் அந்தத் தாளைத்தான் படிக்க வேண்டும்.