"நாங்க உழைச்சோம், அவங்க உழைக்கலை" – அப்படியாண்ணே?

அமெரிக்காவில் நம் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவில் ஒரு அண்ணன் பேசிய அந்தப் பேச்சு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றி முடித்துவிட்டது. அதனால் மறுபடி பகிரவில்லை. "ரெண்டு பெட்டியோட வந்தோம். இன்னைக்கு வீடு, காரு, புள்ளைங்களுக்கு நல்ல காலேஜ். நானூறு வருசமா இங்கயே இருக்கிறவங்க ஏன் இன்னும் அப்படியே இருக்காங்க?" என்று கறுப்பின மக்களைக் குறிவைத்துக் கேட்டார் அண்ணன். உடனே அரங்கம் அதிர்ந்த கைதட்டல். அவர் பேசியதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தக் கைதட்டல்தான் தாங்கவில்லை.

அண்ணே, அந்த இரண்டு பெட்டியில் ஒன்றுக்குள் இன்ஜினியரிங் டிகிரி இருந்ததே, அதை ஏன் மேடையில் திறந்து காட்டவில்லை? எச்1பி விசாவுக்கு மனு போடவே குறைந்தபட்சம் ஒரு பட்டம் வேண்டும். மனுவைப் போடுவதும் நாம் இல்லை, நமக்கு வேலை கொடுக்கப்போகும் கம்பெனி. அதாவது வேலை முதலில், விமானம் அப்புறம். நாம் சலித்து எடுக்கப்பட்டவர்கள். சல்லடையில் மேலே நின்றவனைக் கொண்டுபோய், சல்லடையே பார்க்காத ஒரு முழு சமூகத்தோடு ஒப்பிட்டால் அதற்குப் பெயர் கணக்கா?

அந்தச் சல்லடை எப்போது வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1946 அமெரிக்கச் சட்டப்படி இந்தியாவுக்கு ஒதுக்கிய குடியேற்ற இடம் வருடத்துக்கு 100. ஆமாம், நூறுதான். அதற்கும் முன்னால், 1923-ல், இங்கே குடியேறிய இந்தியர் பகத் சிங் திந்த் "நானும் வெள்ளையன்தான், குடியுரிமை கொடுங்கள்" என்று வாதாடி உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கிப் போராடி 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அதே அலையில் அடுத்த வருடம் வந்த குடியேற்றச் சட்டம்தான் நமக்குக் கதவைத் திறந்தது. அண்ணன் யாரைப் பார்த்து "ஏன் முன்னேறலை" என்று கேட்டாரோ, அவர்கள் போட்ட பாதையில்தான் அவர் வந்து இறங்கியிருக்கிறார்.

இப்போது அவர்கள் பக்கம். இங்கே நடுத்தர வர்க்கத்தின் சொத்து என்றால் வீடுதான். 1930-களுக்கு முன் வீட்டுக்கடன் வேண்டுமென்றால் பாதிப் பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், மிச்சத்தை ஐந்து வருடம் மாதிரிக் குறுகிய காலத்தில் அடைக்க வேண்டும். 1934-ல் எஃப்எச்ஏ என்ற மத்திய அரசு வீட்டுக்கடன் அமைப்பு வந்து, வீட்டு விலையில் 80 சதவீதம் வரை வங்கிக் கடனுக்கு அரசே காப்பீடு கொடுத்தது. தவணைக்காலம் 20 வருடத்துக்கு நீண்டது. சாதாரணத் தொழிலாளி வீடு வாங்கியது இப்படித்தான். ஆனால் யார் வாங்கினார்கள்? கறுப்பர் வசிக்கும் பகுதிக்குக் காப்பீடு கிடையாது என்பதுதான் அப்போதைய நடைமுறை. 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு நான்கு நிறத்தில் வரைபடம் போட்டது எச்ஓஎல்சி என்ற இன்னொரு அரசு அமைப்பு, சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான பகுதி. எல்லோரும் அந்த வரைபடத்தைத்தான் பகிர்வார்கள். பணத்தை நிறுத்தியதில் பெரிய பங்கு எஃப்எச்ஏவுக்கு.

நம்பிக்கை இல்லாதவர்கள் மிஷிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரில் எய்ட் மைல் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆறடி உயரத்தில், சுமார் அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒரு பில்டருக்கு எஃப்எச்ஏவின் கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்டது. 1941-ல் நடுவில் சுவர் எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்தது. இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது?

வங்கி கைவிட்டவர்கள் சிகாகோவில் ஒப்பந்த முறையில் வீடு வாங்கினார்கள். இடைத்தரகர் அடிமாட்டு விலைக்கு வாங்கிய வீட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்பார். முன்பணம், மாதத் தவணை, ரிப்பேர்ச் செலவு, வரி எல்லாம் வாங்குபவர் தலையில். பத்திரம் மட்டும் கடைசித் தவணை வரை விற்றவர் பெயரில். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. மறுமாதம் அதே வீடு இன்னொருவருக்கு. இவர்கள் உழைக்கவில்லையா? இரண்டு ஷிஃப்ட் பார்த்துத் தவணை கட்டியவர்கள் இவர்கள்.

"அதெல்லாம் பழைய கதை, வீடு விக்கிறதுல இனப் பாகுபாடு கூடாதுன்னு 1968-லயே சட்டம் வந்தாச்சு" என்பீர்கள். சட்டம் வந்தது, போன வீடு திரும்ப வரவில்லை. வெள்ளைக்காரத் தாத்தா வாங்கிய வீடு பேரனுக்குக் கல்லூரிக் கட்டணமாக மாறியது, இந்தத் தாத்தாவிடம் வாடகை ரசீது இருந்தது. ஃபெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பில் நடுமட்ட வெள்ளையர் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பர் குடும்பத்துக்கு 44,900.

சரி, வேலை. சமூகவியலாளர் தேவா பேஜர் 2001-ல் மில்வாக்கியில் செய்த சோதனை இது. இரண்டு வெள்ளை இளைஞர்கள், இரண்டு கறுப்பு இளைஞர்கள். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரி அனுபவம், எல்லாம் அடிமட்ட வேலைகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றதாக எழுதிக் கொடுப்பார், அடுத்த வாரம் மற்றவர். ஜெயிலுக்குப் போகாத வெள்ளையரை 34 சதவீத இடங்களில் திரும்ப அழைத்தார்கள். ஜெயிலுக்குப் போன வெள்ளையரை 17. ஜெயிலுக்கே போகாத கறுப்பரை 14. போன கறுப்பரை 5. மூன்றாவது எண்ணைத் தயவுசெய்து இரண்டாவதோடு வைத்துப் பாருங்கள். இதில் சோம்பேறித்தனம் எந்த வரியில் இருக்கிறது?

பெயரை மட்டும் மாற்றி சிகாகோ, பாஸ்டன் கம்பெனிகளுக்குச் சுமார் 5000 விண்ணப்பம் அனுப்பிய 2004 ஆய்வும் உண்டு. வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு. எழுதிய இருவரில் ஒருவர் செந்தில் முல்லைநாதன். சாதனைத் தமிழர் பட்டியல் போடும்போது அவர் பெயர் தவறாமல் வருகிறது. கட்டுரையைத்தான் ஒருவரும் படித்த மாதிரித் தெரியவில்லை.

டெட்ராய்ட் பக்கம் ஆட்டோ கம்பெனியில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் அலுவலகத் துப்புரவுப் பணியாளர் பற்றிச் சொன்னார். வேலை புறநகரில், வீடு நகருக்குள். இரண்டு பேருந்து மாற வேண்டும், ஷிஃப்ட் முடியும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். அங்கே புறநகர் ஊர்கள் "எங்களுக்குப் பேருந்து வேண்டாம்" என்று வரி கட்டாமல் ஒதுங்கிக்கொள்ள வசதி இருந்தது. அப்படி ஒரு புறநகரான லிவோனியா 2005-ல் வாக்கெடுத்து விலகியது. கார் வாங்கலாமே என்றால், கார் இன்சூரன்ஸ் நாட்டிலேயே அதிகம் இருக்கும் ஊர்களில் டெட்ராய்ட் ஒன்று. வசிக்கும் பகுதி பார்த்துத் தொகை ஏறும். கட்ட முடியாமல் ஓட்டினால் அபராதம், அதைக் கட்டாவிட்டால் லைசென்ஸ் முடக்கம், முடங்கிய லைசென்ஸோடு பிடிபட்டால் குற்ற வழக்கு. வழக்கு இருந்தால் மறுபடி பேஜரின் எண்களுக்குப் போங்கள். அபராத பாக்கிக்கு லைசென்ஸை முடக்குவதை மிஷிகன் தளர்த்தியதே 2021-ல்தான்.

"2023-லயே வேலையின்மை குறைஞ்சிடுச்சே?" 2023 ஏப்ரலில் கறுப்பர் வேலையின்மை 4.7 சதவீதம், அதுவரை இல்லாத குறைவு. அப்போது வெள்ளையருக்கு 3.1. அதோடு, கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியவரைத்தான் வேலையில்லாதவர் என்று எண்ணுவார்கள். தேடிச் சலித்து விட்டவர் அதில் இல்லை. சிறையில் இருப்பவரும் இல்லை.

"நைஜீரியாவுல இருந்து வந்த கறுப்பருங்க மட்டும் எப்படி முன்னேறினாங்க?" அவர்களும் விசா வாங்கி வந்தவர்கள்தானே. மறுபடியும் சல்லடை.

"சலுகை கொடுத்தே கெட்டுப் போனாங்க" என்று ஒருவர் அந்தப் பேச்சுக்குக் கீழே கமெண்டில் எழுதியிருந்தார். கல்லூரிச் சேர்க்கையில் இருந்த கொஞ்சத்தையும் 2023-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்களாக முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் ஆசியப் பிள்ளைகள். இந்த "சலுகை" வசனம் நமக்குப் புதிதா என்ன? ஊரில் காலனிப் பையன் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது இதே குரல், இதே முகச்சுளிப்பு, "எங்க தாத்தா கஷ்டப்பட்டார்" என்ற இதே கதை. கடல் தாண்டும்போது ஊறுகாயோடு இதையும் கட்டி எடுத்து வந்திருக்கிறோம். வீடு பார்க்கும்போது "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டா" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்வி ஒன்று கேட்போமே, அது என்னவென்று மேடையில் சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா? நம் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை இந்த நாட்டில் யாரும் நிறம் பார்த்து நிறுத்தவே மாட்டார்கள் என்று நினைப்பு.

கமெண்டில் கிரைம் புள்ளிவிவரம் ஒட்ட வருகிறவர்கள் எந்த வருடம், எந்த ஊர், லட்சத்துக்கு எத்தனை, அந்த ஊரில் வேலையின்மை எவ்வளவு என்பதையும் சேர்த்தே ஒட்டுங்கள். மொட்டைப் படம் போட்டால் அழித்துவிடுவேன். "அப்ப நீ போய் அங்க குடியிரு" வகையறாவுக்குப் பதில் கிடையாது.