பாட்டி சிரித்தால்தான் சோறா?

மயிலாப்பூர் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அறுபத்து மூவர் திருவிழா அன்று மாட வீதியில் அன்னதானம். பாட்டி தொன்னையைப் பிடித்துவிட்டாள், கொடுப்பவர் விடவில்லை. "இங்க பாருங்க பாட்டி, சிரிங்க." சிரித்த பிறகுதான் சாம்பார் சாதம் கைமாறியது.

படம் போட்டால்தான் நன்கொடை வரும் என்கிறார்கள். சரி, நியாயம். அரிசி மூட்டையைப் போடுங்கள், கடை பில்லைப் போடுங்கள், அண்டாவைப் போடுங்கள். பசித்தவர் முகம் எதற்கு?

"நாலு பேருக்குச் செய்யத் தோன்றுமே" என்கிறார் இன்னொருவர். என்ன தோன்றும், செல்ஃபியா?

"நீ என்ன கிழித்தாய்?" ஒன்றும் கிழிக்கவில்லை சார். ஆனால் கைநீட்டி வாங்கியிருக்கிறேன். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டைக்குள் புகுந்தபோது நாங்கள் மொட்டை மாடியில் இருந்தோம். ரொட்டி பாக்கெட் கொண்டுவந்தவர் அம்மாவை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தப் படம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் எல்லாம் சுற்றியது. கல்யாண வீட்டில்கூட அதைப் பற்றித்தான் விசாரித்தார்கள். தண்ணீர் வடிந்ததும் யாரோ பையன்கள் வந்து எங்கள் சமையலறைச் சேற்றை வாரிப்போட்டார்கள். பேர் கேட்டால், "அடுத்த வீட்டுக்குப் போணும்க்கா" என்று கிளம்பிவிட்டார்கள். படம் எடுக்காமலும் சேறு போகும்.

அந்த அன்னதானப் பந்தல் பேனரில் தேவாரம் பாடிய அப்பர் படம் வேறு, கோயிலில் புல் செதுக்கும் உழவாரப்படையோடு. அவர் ஊரைக் கூட்டவில்லை ஐயா. தன் நெஞ்சைத்தான் கூப்பிட்டு, பொழுது விடியுமுன் போய்க் கோயிலைப் பெருக்கி மெழுகச் சொன்னார். படத்துக்கு வெளிச்சம் பத்தாத நேரம்! 1867-ல் வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவரைப் படம் எடுத்தால் உடைதான் விழுந்தது, உருவம் விழவில்லை என்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கரண்டியைத் தொடுமுன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருங்கள். கேமரா இல்லையென்றால் இன்று வந்திருப்பேனா என்று உங்களையே கேளுங்கள். எனக்குப் பதில் வேண்டாம். பாட்டியிடம் கேட்டீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள்.

எனக்குப் பொறாமை என்று எழுதியவரே, உங்கள் பந்தலுக்குப் பின்னால் வெயிலில் அண்டா தேய்த்த அம்மாக்கள் எந்தப் படத்திலும் இல்லை. அவர்கள் சாப்பிட்டார்களா? பதிலை எழுதிவிட்டு அப்புறம் என்னை பிளாக் பண்ணுங்கள்.