அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு

மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டேன். அந்தக் குரல் பதிவைப் பற்றித்தான் சொல்கிறேன். எது என்று உங்களுக்கே தெரியும், உங்களில் பாதிப் பேர் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். "காலையில வாங்குன ஷேரு சாயங்காலம் பார்த்தா காணோமுங்க, யாராச்சும் சொல்லுங்க" என்று பவானிப் பக்கத்து அக்கா ஒருவர் நம் பங்குச் சந்தைக் குழுவில் கேட்டார். நம்பிக் கேட்டார். அதை வெட்டி எடுத்து, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து யாரோ சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். இன்று காலை எங்கள் கடைக்கு நூல் எடுக்க வந்தவர்கூட அதைப் போட்டுக் காட்டிச் சிரிக்கிறார்.

அந்த அக்கா முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை. அவரிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் பதிவு முழுக்க இதையேதான் சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என்ன நடந்தது என்று கேட்காமலே சிரித்தீர்கள். நான் கேட்டேன். அவர் கணக்கில் 10,000 ரூபாய் இருந்தது. வாங்க நினைத்த பங்கின் விலை 480 ரூபாய். பங்கு வாங்குகிற போன் செயலியின் திரையில் இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றில் டெலிவரி, இன்னொன்றில் இன்ட்ராடே. 100 பங்கு என்று போட்டால் டெலிவரிக்கு 48,000 ரூபாய் வேண்டும் என்கிறது. பக்கத்துக் கட்டத்தைத் தொட்டால் அதே 100 பங்குக்கு 9,600 போதும் என்கிறது. ஒரே பொருள், இரண்டு விலை, ஒன்று ஐந்தில் ஒரு பங்கு. ஆடித் தள்ளுபடிக்கு வரிசையில் நின்று துணி எடுக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். குறைந்த விலை எழுதியிருப்பதைத் தொடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த புத்திசாலித்தனம். அவரும் அதைத்தான் தொட்டார்.

டெலிவரி என்றால் முழுப் பணம் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வது, இன்ட்ராடே என்றால் வாங்கிய அன்றைக்கே விற்றுவிடுவது. அது தள்ளுபடி இல்லை, மீதிப் பணத்துக்குத் தரகர் ஒரு பகல் மட்டும் கொடுக்கிற வசதி. மாலை 3.30-க்குச் சந்தை மூடுவதற்கு முன்னால் விற்றாக வேண்டும், விற்காவிட்டால் 3.20 வாக்கில் தானாகவே விற்றுவிடும், அதற்கு 50 ரூபாய் அபராதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். இதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் எங்கே எழுதியிருக்கிறது? பங்கு 8 ரூபாய் இறங்கியிருந்தது. 800 ரூபாய் நஷ்டம், அபராதம் 59, தரகு, வரி எல்லாம் சேர்த்து 900-க்கு மேல். தறி ஓட்டுகிற குடும்பத்தில் 900 ரூபாய் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பேங்கில் போட்டு வைக்கிற மாதிரி நினைத்து வாங்கினார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. "காணோமுங்க" என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்?

நான் ஈரோட்டில் நூல் கடையில் கணக்கு எழுதுகிறவள். 17 வருடமாகப் பற்று வரவுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்கே இந்தச் செயலி முதலில் புரியவில்லை.

2020 ஊரடங்கில் கடை மூடியிருந்தபோதுதான் கணக்குத் தொடங்கினேன். பான் எண், ஆதார், போனுக்கு வரும் ஓடிபி, வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு அதைப் படம் பிடித்து ஏற்றுவது, கேமரா முன்னால் முகத்தைக் காட்டுவது. சோறு வேகும் நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த மார்ச்சில்தான் ஐம்பது பெரிய கம்பெனிகளின் விலைக் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்திருந்தது, 7,500 வரை போய்த் திரும்பியது, எல்லோரும் "இப்ப வாங்கினா லாபம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போலத்தான் எத்தனையோ பேர் அப்போது வந்தோம். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் சுமார் 4 கோடியாக இருந்த, பங்குகளை வைக்கிற டிமேட் கணக்குகள் 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டின. ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பார், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் இத்தனை கோடிப் பேரையும் உள்ளே அழைத்துவிட்டு, வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

நான் வாங்கிய முதல் பங்கு ஒன்றே ஒன்று, 212 ரூபாய். வாங்கிய அன்று 'ஹோல்டிங்ஸ்' பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது இல்லை. 'பொசிஷன்ஸ்' என்ற வேறு பக்கத்தில் இருக்கிறது. அப்போதெல்லாம் பங்கு கணக்குக்கு வந்து சேர இரண்டு வேலை நாள் ஆகும். 2023 ஜனவரி கடைசியிலிருந்துதான் மறுநாளே வருகிறது. இது தெரியாமல் அன்று ராத்திரி நான் எத்தனை முறை போனைத் திறந்து பார்த்தேன் என்று கணக்கில்லை. எனக்கும் "காணோம்"தான். வெளியில் சொல்லப் பயமாக இருந்தது, அதனால் என் குரல் யார் கையிலும் சிக்கவில்லை.

அப்புறம் 219-க்கு விற்றேன். 7 ரூபாய் லாபம் என்று செயலி பச்சையில் காட்டியது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கணக்கில் பணம் குறைகிறது. வாங்கியது விற்றதற்கான பில் மாதிரி கான்ட்ராக்ட் நோட் மின்னஞ்சலில் வரும், பான் எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்தால்தான் திறக்கும். திறந்து வரி வரியாகக் கூட்டினேன், எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம், பரிவர்த்தனைக் கட்டணம், எல்லாம் காசுக் கணக்கில் சரியாக இருக்கிறது. பணம் எங்கே போனது என்று அதில் இல்லை. கடைசியில் லெட்ஜரைத் தேடித் திறந்தால் அங்கே இருக்கிறது: டிபி கட்டணம் 13 ரூபாய் 50 காசு, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 15 ரூபாய் 93 காசு. டிமேட்டிலிருந்து ஒரு கம்பெனிப் பங்கை விற்றால் அன்றைக்கு ஒன்று விற்றாலும் நூறு விற்றாலும் அதேதான். 7 ரூபாய் லாபத்துக்கு ஏறக்குறைய 9 ரூபாய் நஷ்டம். பேரேடு பார்க்கத் தெரிந்ததால் நான் கண்டுபிடித்தேன். தெரியாதவர் என்ன செய்வார்? ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார், இல்லையென்றால் யாரிடமாவது கேட்பார்.

நானும் கேட்டேன். என் கொழுந்தனாரிடம். அவர் பத்து வருடமாகச் சந்தையில் இருப்பவர். விழுந்து விழுந்து சிரித்தார். அது போகட்டும் என்றால், அடுத்த வாரம் சீர் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் "அண்ணி ஒரு ஷேர் வாங்கி ஒம்பது ரூவா நட்டம்" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. கேட்காததால் வந்த நஷ்டம் கேட்டதால் வந்த 9 ரூபாயைவிடப் பெரியது. ஒரு சின்னக் கம்பெனிப் பங்கை 84 ரூபாய்க்கு 50 வாங்கி வைத்திருந்தேன். தினமும் 5 சதவீதம் விழுந்து, அன்றைக்கு அதற்கு மேல் இறங்க முடியாத லோயர் சர்க்யூட்டில் நின்றது. விற்க ஆர்டர் போட்டால் அப்படியே கிடக்கிறது, ஏனென்றால் வாங்க ஆளே இல்லை. ஆறு நாளில் 62-க்கு வந்த பிறகுதான் விற்க முடிந்தது. 1,100 ரூபாய் போனது. யாரிடமாவது முதலிலேயே கேட்டிருந்தால், தினம் 5 சதவீத வரம்பு போட்ட பங்குக்குள் தெரியாமல் காலை வைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"படிச்சுட்டு வந்திருக்கணும்" என்கிறீர்கள். சரி, படிக்க வேண்டும்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குத் தொடங்கும்போது படித்தீர்களா என்று யாராவது கேட்டார்களா? ஆதார் கேட்டார்கள், வங்கி எண் கேட்டார்கள், இன்ட்ராடே என்றால் என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"விதிமுறையில எல்லாம் போட்டிருக்கே" என்று ஒருவர் என் முந்தைய பதிவில் எழுதியிருந்தார். அந்த விதிமுறையை அவர் படித்திருக்கிறாரா என்று மட்டும் கேட்கிறேன்.

"செபிதான் எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கே" என்பார்கள். சந்தையை ஒழுங்குபடுத்துகிற அமைப்புதான் செபி. உண்மைதான். 10 பேரில் 9 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்ற அறிவிப்பை உள்ளே நுழையும்போதே காட்ட வேண்டும் என்று 2023 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அது எஃப் அண்ட் ஓ-வுக்கு, அதாவது பின்னால் வரப்போகும் விலையை வைத்து நடக்கிற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்துக்கு. எனக்கு அது ஆங்கிலத்தில்தான் வருகிறது, ஒரு தட்டுத் தட்டினால் போய்விடுகிறது. இன்ட்ராடே பற்றியும் செபி 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது, அதில் ஈடுபட்ட 10 பேரில் 7 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். அந்த 7 பேரும் பவானி அக்காக்களா? உங்களைப் போன்ற விவரம் தெரிந்தவர்கள் அதில் யாருமே இல்லையா?

"உன் பணம், உன் பொறுப்பு." இது சரியான வாதம், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பணம் போட்டவர்தான் பொறுப்பு. அந்த அக்காவும் பணத்தைத் திருப்பிக் கொடு என்று யாரையும் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்று மட்டும்தான் கேட்டார். அதற்கும் சிரிப்புதான் பதிலா?

எங்கள் முதலாளி முன்பு பங்கு வாங்கும்போது நான்தான் காசோலையை எடுத்துக்கொண்டு சப் புரோக்கர் ஆபீசுக்குப் போவேன். மாடியில் ஒரு சின்ன அறை, சுவர் ஓரம் பெஞ்சு, பெரியவர்கள் நாலைந்து பேர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்தவர் எவ்வளவு அவசரத்திலும் ஆர்டரைத் திருப்பிச் சொல்வார்: "டெலிவரிங்களா, இன்னைக்கே விக்கறதுங்களா? இருவதுங்களா, இருநூறுங்களா?" ஒருமுறை நான் எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "அம்மிணி, முதலாளிகிட்ட ஒருக்கா கேட்டுக்கங்க" என்று தன் போனையே நீட்டினார். சிரிக்கவில்லை. தரகு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்குச் சில செயலிகளில் டெலிவரிக்குத் தரகே கிடையாது, இன்ட்ராடேவுக்கும் ஆர்டருக்கு 20 ரூபாயைத் தாண்டாது. காசு மிச்சம்தான். ஆனால் அந்த அறையில் அந்த அக்கா போய் நின்றிருந்தால் இந்த 900 ரூபாய் போயிருக்காது, ஏனென்றால் அங்கிருந்தவர் திருப்பிக் கேட்டிருப்பார். செயலி திருப்பிக் கேட்பதில்லை. அப்படிப்பட்ட செயலிகளில் வாங்கி வைத்துக்கொள்கிறவரால் தரகருக்குத் தரகு கிடைப்பதில்லை, ஒரே நாளில் வாங்கி விற்கிறவரால்தான் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். நான் யார் மீதும் பழி போடவில்லை. கேட்காமல் இருப்பதால் நஷ்டம் யாருக்கு என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மூன்று நாளாக நெஞ்சில் கிடக்கிறது. 2024 ஜூன் 3 அன்று கருத்துக்கணிப்பைப் பார்த்துச் சந்தை 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் தேர்தல் முடிவு வரும்போது நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. அன்று என் கொழுந்தனார் ஆப்ஷனில் இழந்த தொகை எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கேட்கவுமில்லை. இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. அவர் அம்மா தட்டோடு மாடிக்குப் போனார். "மார்க்கெட்டுன்னா அப்படித்தான், ரிஸ்க் எடுத்தான்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அது ரிஸ்க். என் 9 ரூபாய் மட்டும் விவரமில்லாத்தனம். எந்தச் சீர் வீட்டிலும் நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்லத் தோன்றவுமில்லை.

அந்தக் குரல் பதிவுக்குக் கீழே சிரித்தவர்களின் பெயர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் அந்த ஜூன் 4 அன்று இதே குழுவில் "எல்லாம் போச்சு" என்று எழுதியவர்கள். அன்றைக்கு "தைரியமா இருங்க அண்ணா" என்று ஆறுதல் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் யாரும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை.

நேற்று ராத்திரி அந்த அக்கா எனக்குப் போன் செய்தார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். கான்ட்ராக்ட் நோட்டைத் திறக்கவைத்தேன், வாங்கியது ஒரு வரி, விற்றது ஒரு வரி, இரண்டும் ஒரே தேதியில் இருப்பதைக் காட்டினேன். "அப்ப யாரும் எடுத்துக்கலீங்களா?" என்று கேட்டார். இல்லைக்கா என்றேன். இன்ட்ராடேயில் தவறிப் போய் வாங்கிவிட்டாலும், கையில் பணம் இருக்கிற அளவுக்கு அன்றே டெலிவரிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். மீதியை விற்றுவிட்டு, அவர் பணத்துக்குத் தகுந்த பங்கை மட்டும் மாற்றி வைத்திருக்கலாம். அந்தப் பொத்தான் எங்கே என்று இரண்டு முறை கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். 900 ரூபாயைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

போனை வைக்கும் முன்னால் வேறு ஒன்று சொன்னார். அவர் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரோ அந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முதலில் எல்லோருடனும் சேர்ந்து சிரித்திருக்கிறாள், அப்புறம்தான் அது யார் குரல் என்று புரிந்திருக்கிறது.

அதைச் செய்தவர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களும் எடுத்துவிடுங்கள்.