கால்களைக் காணாத சண்டை

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் இப்போது சொக்லேட்டோடு சேர்த்து, கண்ணை மூடித் தலையில் மாட்டி விளையாடும் மெய்நிகர் (வி.ஆர்.) ஹெட்செட் ஒன்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குள் குத்துச்சண்டை, குங்ஃபூ, வாள்வீச்சு எல்லாம் இருக்கின்றன. கிளிநொச்சியில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் கராத்தேயும் சிலம்பமும் சொல்லிக்கொடுக்கும் என்னிடம், "மாஸ்டர், பிள்ளை இதிலேயே பழகினால் காணாதா?" என்று பெற்றோர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். காணாது என்பதுதான் என் பதில். ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் காரணத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

காற்றில் குத்துவதால் என்ன வரப்போகிறது என்று கேட்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கராத்தேயின் கட்டாவும் காற்றில் செய்வதுதான். எதிரில் ஆள் நிற்பதாக எண்ணிக்கொண்டு அடித்தும் தடுத்தும் திரும்பியும் செய்கிற அந்தப் பயிற்சிக்குத் தனிப் போட்டியே உண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள். ஆகவே காற்றின்மேல் பழி போட வேண்டாம். என் முறைப்பாடு கால்களைப் பற்றியது.

ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் போன்ற கருவிகளில் ஹெட்செட்டிலேயே கமராக்கள் இருக்கின்றன. அவை அறையைப் பார்த்துத் தலை இருக்கும் இடத்தையும், கைப்பிடிகளில் எரியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளைப் பார்த்துக் கைகள் இருக்கும் இடத்தையும் கணிக்கின்றன. தலை ஒன்று, கை இரண்டு, அவ்வளவுதான். இடுப்பு திரும்பியதா, குதிகால் ஊன்றியதா என்பது விளையாட்டுக்குத் தெரியாது. 2023இன் கடைசியில் மெட்டா நிறுவனம் கால்களையும் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அவை மேலுடம்பின் அசைவை வைத்து ஊகித்து வரையப்படும் கால்கள். ஹெட்செட் செய்யும் இன்னொரு நிறுவனமான எச்.டி.சி. 2017 முதல் உடலில் கட்டும் உணரிகளை விற்கிறது என்றாலும், அவற்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வரும் பெட்டிக்குள் அவை இருப்பதில்லை.

இதன் விளைவை வகுப்பில் நேரே பார்க்கிறேன். ஹெட்செட்டில் நன்றாகப் பழகிய மாணவனொருவனை ஜென்குட்சு டாச்சியில் (முன்காலை மடித்துப் பின்காலை நீட்டி நிற்கும் நிலை) நிறுத்தி கியாகு சுக்கி (பின்காலின் பக்கத்துக் கையால் குத்தும் குத்து) குத்தச் சொன்னால், கை மின்னல்போல் போகிறது. பின்னங்காலின் குதி மட்டும் நிலத்தை விட்டுக் கிளம்பி நிற்கிறது, இடுப்பு திரும்புவதேயில்லை. அந்தக் குத்தின் பலம் பின்குதியில் தொடங்கி, இடுப்பால் ஏறி, தோளைக் கடந்து கை முஷ்டிக்கு வரவேண்டும். அவன் தோளிலிருந்து தொடங்குகிறான், ஏனென்றால் விளையாட்டு அவனுக்குப் புள்ளி கொடுத்தது கையின் வேகத்துக்கு. போதாக்குறைக்கு, எதிலும் படாத குத்து என்பதால் முழங்கையை முழுவதும் நீட்டி உதறுகிறான். அதைத் தொடர்ந்து செய்தால் மூட்டு நோகும்.

இவ்வளவு சொன்னாலும் எல்லா விளையாட்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 2016இல் வெளிவந்த 'த த்ரில் ஆஃப் த ஃபைட்' என்ற குத்துச்சண்டை விளையாட்டை நான் மதிக்கிறேன். அதில் உதையும் இல்லை, மாயமும் இல்லை; உங்கள் கை எட்டும் தூரமும் வேகமும் எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் குத்து. மூன்று நிமிடச் சுற்றொன்றை முடித்தவனின் சட்டையைப் பிழியலாம். கையைத் தாழ்த்தினால் முகத்தில் வாங்குவோம் என்ற பயத்தையும் அது மெய்யாகவே பழக்குகிறது. 2018இல் வந்த 'கிரீட்: ரைஸ் டு குளோரி' கெட்டித்தனமான வேறொரு வழியை எடுத்தது: வீரர் களைத்துவிட்டால் திரையில் தெரியும் கைகள் மெதுவாகி, நம் கைகளை விட்டுப் பின்தங்கிப் போகின்றன. களைப்பை இப்படிக் காட்டலாம் என்று யோசித்த மூளைக்கு என் வணக்கம். ஆனால் இவை இரண்டுமே குத்துச்சண்டை என்பதைக் கவனியுங்கள். தலையையும் கையையும் மட்டுமே பார்க்கும் கருவிக்கு அதுதான் பொருந்துகிறது. 'தற்காப்புக் கலை' என்ற அட்டையை ஒட்டிக்கொண்டு மவாஷி கெரி என்ற சுழற்றி உதைக்கும் உதையைப் பொத்தானால் போடவைக்கும் விளையாட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

தொண்ணூறுகளில் உலகத்துச் சிறுவர்கள் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில் வன்னியில் மின்சாரம் கிடையாது. அந்தக் கட்டத்தைத் தாண்டி நேரே ஹெட்செட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, இதை விளையாட்டு என்று எடுக்காமல் ஆசான் என்று எடுத்துக்கொள்ளும் ஆட்கள் இங்கே கொஞ்சம் அதிகம்.

வாங்கிவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. முற்றத்து வெயிலில் விளையாட விடாதீர்கள். வில்லைகளுக்குள் நேர்வெயில் பட்டால் உள்ளே உள்ள திரை கருகிவிடும். வீட்டுக்குள் என்றால் இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் வெற்றிடம் வேண்டும். கதிரை, தாழ்வான மின்விசிறி, தவழும் தம்பி எல்லாம் அதற்கு வெளியே. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்பது மெட்டாவின் சொந்த விதியே.

சிலம்பத்துக்கு ஒரு மெய்நிகர் விளையாட்டு வராதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இன்றைய கைப்பிடிகளை வைத்துச் செய்தால் அது சிலம்பமாக இருக்காது. கம்பில் கை வழுக்கி நகர வேண்டும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற வேண்டும். இரண்டு தனித்தனிக் கைப்பிடிகளுக்கு நடுவே கம்பும் இல்லை, அதன் பாரமும் இல்லை. அதைவிட, சிலம்பத்தில் முதலில் பழக்குவதே காலடிதான். அது சரியாக விழும்வரை பிள்ளையின் கையில் கம்பைக் கொடுப்பதில்லை.

இங்கே கிளிநொச்சியின் அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதில் கைவைக்க விரும்பினால், கம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கணுக்கால் இரண்டிலும் கட்டக்கூடிய மலிவான உணரியிலிருந்து தொடங்குங்கள். காலடி வரிசைகளைப் பதிவுசெய்ய எந்த ஞாயிறு காலையிலும் எங்கள் மண்டபத்துக்கு வரலாம். நானும் என் மாணவர்களும் வேண்டியமட்டும் போட்டுக் காட்டுகிறோம்.